தேதியாகிப்போன கதவு எண்கள்: கையேடு எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருட்களுக்குத் தமிழில் பயனர் கையேடு எழுத முனைந்திருக்கும் தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் பட்டியல்களை வைத்துப் பிழைப்பவன். சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், பள்ளிகளின் மாணவர் பட்டியல், சிறு நூலகங்களின் புத்தகப் பட்டியல் என்று யார் யாரோ தட்டச்சிட்டு, யார் யாரோ திருத்தி, கடைசியில் யாருக்கும் பொறுப்பில்லாமல் வந்து சேரும் கோப்புகளைச் சீர்செய்து கொடுப்பது என் வேலை. அந்தப் பட்டியல்களை உருவாக்குபவர்கள்தாம் உங்கள் கையேட்டின் வாசகர்கள். லிப்ரெஆபிஸ் கால்க் போன்ற ஒரு விரிதாள் செயலிக்கு நீங்கள் கையேடு எழுதப்போகிறீர்கள் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் மெனுப் பட்டை வேண்டாம்.

மெனுவின் வரிசைப்படி எழுதுவது எழுதுபவருக்கு வசதி. ஃபைல் மெனுவில் தொடங்கி ஹெல்ப் மெனுவில் முடித்துவிடலாம், ஒன்றும் விடுபடாது. "ஓப்பன்: இதைச் சொடுக்கினால் கோப்பு திறக்கும். சேவ்: இதைச் சொடுக்கினால் கோப்பு சேமிக்கப்படும்." நான் பார்த்த பல கையேடுகள் இந்தப் பாணியில்தான் இருக்கின்றன. இதைச் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் இங்குள்ள தட்டச்சு மையத்தில் ஒருவர்கூட இல்லை. கோப்பு திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். திறக்கும்போது அதற்குள் இருக்கும் தரவுக்கு என்ன நேர்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அதை யாரும் எழுதிவைக்கவும் இல்லை.

அண்மையில் ஓர் அலுவலகத்திலிருந்து முகவரிப் பட்டியல் ஒன்று வந்தது. நம் நகரங்களில் பழைய கதவு எண்ணையும் புதிய கதவு எண்ணையும் சாய்கோடு போட்டுச் சேர்த்து எழுதுவது வழக்கம் அல்லவா? அந்தப் பட்டியலில் 12/5 என்ற வீடு "12-மே" ஆகியிருந்தது. அதே தெருவில் 112/5 அப்படியே இருந்தது, ஏனென்றால் எந்த மாதத்துக்கும் 112ஆம் தேதி கிடையாது. தெருவில் பாதி வீடுகள் முகவரியாகவும் மீதி வீடுகள் நாள்காட்டியாகவும் நின்றன. சென்னைத் தொலைபேசிக் குறியீடு 044, வெறும் 44 ஆகச் சுருங்கியிருந்தது. இவற்றையாவது கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்களில் கடைசி இலக்கம் எல்லாம் பூஜ்யமாகியிருந்ததை எந்தக் கண் பிடிக்கும்? அவர்கள் பயன்படுத்திய எக்செல் என்ற மைக்ரோசாஃப்ட் விரிதாள் செயலி ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் காப்பாற்றும். பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும், பழைய பதிப்புகளில் எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு முறை சேமித்துவிட்டால் பழைய இலக்கம் கோப்பில் எங்கும் இல்லை.

அனுப்பியவர் என்ன செய்தார்? சி.எஸ்.வி. கோப்பை, அதாவது தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பை, இரட்டைச் சொடுக்கில் திறந்தார், ஒரு பெயரைத் திருத்தினார், சேமித்தார். அவ்வளவுதான். கையேட்டில் உள்ளபடியே செய்திருக்கிறார்.

இது நம் ஊர்த் தட்டச்சாளர்களின் அறியாமை என்று யாராவது சொல்ல வந்தால், மரபணு ஆய்வாளர்களின் கதையைச் சொல்லுங்கள். செப்டின் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்களுக்கும் மார்ச் என்று தொடங்கிய வேறு சில மரபணுக்களுக்கும் வைத்திருந்த சுருக்கக் குறியீடுகளை எக்செல் செப்டம்பர், மார்ச் தேதிகளாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? 2020இல் மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல்தான் கொடுத்தது.

அதே 2020இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்று உறுதியானவர்களின் பட்டியலில் 15,841 பேர் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப்போனார்கள். எக்செலின் பழைய எக்ஸ்.எல்.எஸ். கோப்பு வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் இடம். அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. அந்த நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி அதனால் தாமதமானது. அந்த வரம்பு ஒன்றும் ரகசியம் அல்ல, ஆவணங்களில் உள்ளதுதான். ஆனால் வரம்புகளைப் பட்டியலிடும் பக்கத்தில் இருந்தது. கோப்பை ஏற்றும் வேலையைச் செய்பவர் அந்த நேரத்தில் படிக்கும் பக்கத்தில் அது இருந்திருக்க வேண்டும்.

கடிதம் எழுதும் செயலியில் தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். பட்டியல் திருத்தும் செயலியில் நாற்பதாயிரம் வரிசைகளுக்கு நடுவே எங்கோ ஓரிடத்தில் நடக்கும். திரையில் தெரிவது முதல் முப்பது வரிசைகள். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட கையேடுகள் மிகக் குறைவு.

சரி, கால்க்குக்கு வருகிறேன். சி.எஸ்.வி. கோப்பைத் திறந்ததும் கால்க் ஒரு சாளரத்தைக் காட்டும். எக்செல் நெடுங்காலம் கேட்காமலே செய்துவந்ததை இது கேட்டுச் செய்கிறது என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலோர் அந்தச் சாளரத்தைப் பார்த்ததும் ஓகே பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதில் உள்ள ஒவ்வொரு தேர்வும் எதற்கு என்று அவர்கள் மொழியில் யாரும் சொல்லவில்லை. உங்கள் கையேட்டுக்கு முதல் அத்தியாயம் இந்த ஒரு சாளரம்தான் என்பேன். பத்துப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை.

எழுத்துக் குறியாக்கம் (எழுத்துகளைக் கணினி எண்களாக்கிச் சேமிக்கும் முறை) கேட்கிற இடத்தில் யூ.டி.எஃப்.-8 தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். சாளரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள முன்னோட்டத்திலேயே அது தெரிந்துவிடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2010இல் தமிழ்நாடு அரசு எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தை ஏற்று ஆணை பிறப்பித்த பிறகும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் குறியாக்கப் பட்டியலில் மருந்து கிடையாது, தனி மாற்றி வேண்டும். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், ஒருவர் பட்டியலில் உள்ள குறியாக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அரை நாளை வீணாக்க மாட்டார்.

அடுத்தது "டிடெக்ட் ஸ்பெஷல் நம்பர்ஸ்" என்ற பெட்டி. அதை டிக் செய்தால் தேதி போலத் தெரிவதை எல்லாம் கால்க் தேதியாக்கப் பார்க்கும். டிக்கை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, போதாது. சாதாரண எண்களை அது அப்போதும் எண்ணாகத்தான் படிக்கும், 044இன் முன் பூஜ்யம் போய்விடும். முன்னோட்டத்தில் அந்த நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி, மேலே வகை என்ற இடத்தில் டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும். தொலைபேசி, ஆதார், கணக்கு எண், கதவு எண் ஆகிய எதுவும் கூட்டிக் கழிக்கும் எண் அல்ல, எல்லாம் டெக்ஸ்ட். பல கையேடுகளில் இந்த வாக்கியம் இல்லவே இல்லை. இருக்கிற கையேட்டில் "நெடுவரிசை வகைகள்" என்ற தலைப்பின் கீழ் பதினைந்தாவது அத்தியாயத்தில் கிடக்கிறது. கோப்பைத் திறப்பவர் பதினைந்தாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டா திறப்பார்?

சேமிக்கும் இடம் இதைவிட மோசம். சி.எஸ்.வி. கோப்பில் ஒரு தாள்தான் நிற்கும். நீங்கள் மூன்று தாள்களில் வேலை செய்திருந்தாலும் திறந்திருக்கும் தாள் மட்டும்தான் சேமிக்கப்படும். கால்க் இதை எச்சரிக்கும், உண்மை. சூத்திரங்கள் போய் விடைகள் மட்டும் மிஞ்சும், வண்ணங்கள் போகும். இவை ஓரளவு தெரிந்த செய்திகள். பலரும் கவனிக்காத பெட்டி ஒன்று இருக்கிறது: "சேவ் செல் கன்டென்ட் ஆஸ் ஷோன்". சேவ் ஆஸ் கொடுத்து, "எடிட் ஃபில்டர் செட்டிங்ஸ்" என்பதை டிக் செய்தால் வரும் சாளரத்தில் இது இருக்கும், தொடக்கத்திலேயே டிக் செய்யப்பட்டிருக்கும். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே கோப்பில் எழுது என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சேலம் பக்கத்தில் கிணறுகளின் இருப்பிடங்களைப் பதிவு செய்த பட்டியல் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிணற்றின் அட்சரேகை 11.664325. அச்சில் அழகாக இருக்கட்டும் என்று யாரோ அந்த நெடுவரிசையை இரண்டு தசம இடங்களுக்கு மாற்றியிருக்கிறார். திரையில் 11.66 என்று தெரியும், உள்ளே முழு எண்ணும் பத்திரமாக இருக்கும். சி.எஸ்.வி.யாகச் சேமித்தவுடன் கோப்பில் நிற்பது 11.66 மட்டும். கிணறு ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. எல்லாக் கிணறுகளும் இப்படி நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும்.

சேவ் என்ற கட்டளைக்குக் கையேடு எழுதுகிறவர் இந்தக் கிணற்றைப் பற்றி எழுத வேண்டும். "சேமிக்கப்படும்" என்ற பயனிலையில் வாக்கியத்தை முடித்துவிட்டால் இந்த இழப்பு முழுவதும் அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் கட்டற்ற மென்பொருள் மரபின் முன்னோடியிலேயே இருக்கிறது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு வெளியிட்ட முதல் கையேட்டிலேயே கட்டளைகளின் விளக்கத்தோடு "பிழைகள்" என்று ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். எழுதியவர்களே தங்கள் கருவி எங்கே காலை வாரும் என்று கையேட்டில் ஒப்புக்கொண்டார்கள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் அந்தத் தலைப்பை இன்றும் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டும் சில இடங்களில் இந்த நேர்மையைக் காட்டியிருக்கிறது: 1900ஆம் ஆண்டை எக்செல் லீப் ஆண்டாகக் கணக்கிடுவது தவறுதான், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் செயலியோடு ஒத்துப்போக வேண்டும் என்று வைத்தோம் என எழுதியே வைத்திருக்கிறார்கள். விளம்பரத் துண்டறிக்கையின் தொனியில் எழுதிப் பழகிய நமக்குத்தான் கருவியின் குறையைச் சொன்னால் கருவியைக் காட்டிக்கொடுத்ததுபோல் தோன்றுகிறது. கட்டற்ற மென்பொருளை வளர்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அதன் பள்ளங்களை மூடி எழுதாதீர்கள். ஒரு முறை பட்டியல் கெட்டவர் திரும்பி வரவே மாட்டார்.

வரிசைப்படுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தச் சொன்னால், பக்கத்திலும் தரவு இருக்கிறதே, தேர்வை விரிக்கட்டுமா என்று கால்க் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், தொலைபேசி எண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அருணாவின் எண்ணில் அழைத்தால் முருகேசன் எடுப்பார். ஒரு கட்டமும் காலியாகாது, எந்த எண்ணும் மாறாது, பட்டியல் முன்னைவிட ஒழுங்காகத் தெரியும்; பயனற்றுப் போயிருக்கும்.

தேடி மாற்றுவதும் அப்படித்தான். "மதுரை" என்று இருப்பதை எல்லாம் "மதுரை மாவட்டம்" என்று மாற்றச் சொன்னால், பெயர் நெடுவரிசையில் உள்ள மதுரைவீரன் "மதுரை மாவட்டம்வீரன்" ஆகிவிடுவார். முழுக் கட்டமும் பொருந்தினால் மட்டும் மாற்று என்ற தேர்வும், தேர்ந்தெடுத்த பகுதிக்குள் மட்டும் மாற்று என்ற தேர்வும் அதே சாளரத்தில் இருக்கின்றன. அவற்றை மதுரைவீரனை வைத்து விளக்கினால் படித்தவர் மறக்க மாட்டார்.

அன்டூ இருக்கிறதே என்பீர்கள். கால்க்கில் இயல்பாக நூறு படிகள் பின்னால் போகலாம், கோப்பை மூடியதும் எல்லாம் போய்விடும். தரவைச் சீர்செய்ய ஓப்பன்ரிஃபைன் என்ற இன்னொரு கட்டற்ற செயலி இருக்கிறது. 2010இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் வந்து, கூகுளின் கைக்குப் போய், 2012இல் சமூகத்தின் கைக்கு வந்தது. அது மூலக் கோப்பைத் தொடுவதில்லை; நகல் எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது, செய்த மாற்றங்களின் வரலாற்றை மூடித் திறந்த பிறகும் வைத்திருக்கிறது. இரண்டிலும் அன்டூ உண்டு, இரண்டும் தரும் உறுதி வேறு. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் அதே நம்பிக்கையோடு கோப்பை மூடுவார். ஒவ்வொரு செயலுக்கும் கீழே "இதைத் திரும்பப் பெற முடியுமா, எதுவரை?" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

தமிழுக்கே உரிய சிக்கல்களை ஆங்கிலக் கையேட்டிலிருந்து எடுக்க முடியாது. அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். கௌரி, கெளரி இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது. இரண்டாவதில் கெ எழுதி, பக்கத்தில் ளகரம் போட்டிருக்கிறார்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். உறுப்பினர் பட்டியலில் தேடினால் பாதிக் கௌரிகள் கிடைக்க மாட்டார்கள். ஸ்ரீ இன்னும் வேடிக்கை. ஸ்ரீ என்பதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். ஒரு ஸ்ரீதரைத் தேடி இன்னொரு ஶ்ரீதரைத் தவறவிட்டவர், செயலி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். தேடல் பற்றிய பக்கத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கி, எதை எதால் மாற்றி ஒன்றாக்குவது என்று காட்டிவிடுங்கள்.

வேறு சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிப்ரெஆபிஸின் ஆங்கில வழிகாட்டிகளைத் தாராள உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள், மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் பல நூறு பக்கங்களை முழுமையாகத் தமிழாக்கும் திட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பெரிய வெளியீடு வருகிறது. நீங்கள் முடிப்பதற்குள் முதல் அத்தியாயம் பழசாகிவிடும். முப்பது பக்கத்தில் தரவு கெடும் இடங்களை மட்டும் எழுதி, எந்தப் பதிப்பில் சரிபார்த்தது என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போடுங்கள். திரையைப் பிடித்த படங்களைக் கண்டபடி ஒட்டாதீர்கள். சாளரம் ஒன்றுக்கு ஒரு படம் போதும், மீதியை வாக்கியத்தில் சொல்லுங்கள். எஃப்1 விசையை அழுத்தினால், உதவிப் பொதி நிறுவப்படாத கணினியில், இணையப் பக்கம் திறக்கும். இணையம் இல்லாத அலுவலகங்களும் அதைப் பூட்டிவைத்த அலுவலகங்களும் நிறைய. கையேடு அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். காணொளி போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், பதினெட்டு நிமிடக் காணொளியில் தனக்கு வேண்டிய ஒரு டிக் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மாதிரிக் கோப்பை நான் தருகிறேன். கற்பனைப் பெயர்கள், கற்பனை எண்கள். ஆனால் இதுவரை சொன்ன எல்லா வில்லங்கமும் அதில் இருக்கும். கையேட்டின் எல்லாப் பயிற்சிகளும் அந்த ஒரே கோப்பில் நடக்கட்டும். ஆப்பிள், ஆரஞ்சு, விலை என்று மூன்று வரிசையில் எடுத்துக்காட்டுப் போடும் பழக்கத்தை இதோடு விட்டுவிடலாம்.

பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இது. கோப்பைத் திறப்பது, சேமிப்பது ஆகிய இரண்டு பக்கங்களை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள். அச்செடுத்து இங்கே தட்டச்சு மையத்தில் இரண்டு பேரிடம் கொடுக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டாலும் பதில் சொல்லாமல், எந்த வரியில் நின்றார்கள், எதைப் படிக்காமல் தாண்டினார்கள், கடைசியில் கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்று குறித்து அனுப்புகிறேன். மூன்றாவது பக்கத்தை அதைப் பார்த்த பிறகு எழுதத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
பட்டியல் திருத்துபவன் ஒருவன்